முகம் காட்டாத மெராந்தி

தான் செத்துப்போன செய்தியை அர்ச்சுனன் மலேசியாவில் தம்போய் ஊரில் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ரொட்டியைத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டே படித்தார். மகள் சாந்தினிதான் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஜொகூர் பழம்படச் சங்கம் என்று ஓர் அமைப்பு பேஸ்புக்கில் மலாயில் எழுதியிருந்தது. 1964-இல் வெளிவந்த, ஒரு படகோட்டியைப் பற்றிய மலாய்ப் படத்தின் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறதாம். அதைச் சுத்தம் செய்து ஜொகூர் பாருவில் திரையிடப்போகிறார்களாம். அதை இயக்கி, குருட்டுப் படகோட்டிக் கிழவனாகவும் நடித்த ஏ. மெராந்தி எந்த வேடம் கொடுத்தாலும் அதுவாகவே மாறிவிடும் கலைஞராம். 1971-இல் இந்தோனேசியாவில் மேடான் நகரத்தில் காலமானாராம். குடும்பத்தார் யாராவது இருந்தால் தொடர்புகொள்ளவும்.

"மேடான் பக்கமே நான் போனதில்லையேலா" என்றார் அர்ச்சுனன்.

எண்பத்தெட்டு வயதில் தன் சாவுச் செய்தியைப் படிப்பதில் ஒரு மனிதனுக்குப் பெரிய அதிர்ச்சி இருக்காது. ஊரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்களே என்ற எரிச்சல்தான் அவருக்கு. அந்த மெராந்தி தன் அப்பாதான் என்பது சாந்தினிக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த அவள் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் அவர் வாயால் சொன்னதுதான், கண்ணால் பார்த்ததில்லை. கண்ணால் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது உலகத்திலேயே ஒருத்தி. அவள் தங்காக் ஊரில் இருந்தாள்.

சாந்தினி அன்றைக்கே சங்கத்துக்கு எழுதிப்போட்டாள். அப்பா தடுப்பார் என்று நினைத்தாள். அவர் தடுக்கவில்லை. ரொட்டித் துகளை விரலால் ஒத்தி எடுத்துக்கொண்டே சொன்னார். "என் பேரு வரட்டும்மா. மெராந்தின்னு இல்ல. முத்தையா மகன் அர்ச்சுனன்னு முழுசா. சாகுறதுக்குள்ள ஒரு தடவ அத எழுத்துல பாத்துட்டுப் போயிடுறேன்."

அவர் தன் வாழ்நாளில் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். அதையும் இந்த உலகம் எப்படிக் கொடுத்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கோத்தா திங்கிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அர்ச்சுனன். அப்பா முத்தையா சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா வெள்ளையம்மா பால்மரம் வெட்டி இவரையும் மூன்று தங்கைகளையும் வளர்த்தாள். பதினேழு வயதில் இவர் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய், மெலாத்தி ஸ்டுடியோவில் பலகை தூக்கும் வேலையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் மலாய்ப் படங்களை இயக்க இந்தியாவிலிருந்து டைரக்டர்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். டைரக்டருக்கு மலாய் வராது, நடிகர்களுக்குத் தமிழ் வராது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. தோட்டத்து எல்லையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பையன்களோடு பந்தடித்து வளர்ந்த அர்ச்சுனன் பலகையைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தில் போய் நின்றார். டைரக்டர் தமிழில் கண்டபடி திட்டுவார். இவர் அதை மலாயில் மரியாதையாகச் சொல்வார். டைரக்டர் அழுது காட்டுவார். இவரும் அதே மாதிரி அழுது காட்ட வேண்டும். இப்படி இரண்டு வருடம் அடுத்தவர் அழுகையை மாற்றிக் கொடுத்ததில் மனிதர் நடிகராகிவிட்டார்.

1955-இல் முதல் வேடம் கிடைத்தது. மாப்பிள்ளைத் தோழன். தலையில் சொங்கோக் தொப்பி, இடுப்பில் சரிகைத் துணி, கல்யாண விருந்தில் இரண்டு வசனம். படம் கோத்தா திங்கித் தியேட்டருக்கு வந்தது. தோட்டத்து ஆட்கள் சனிக்கிழமை போய்ப் பார்த்தார்கள். ஞாயிறு தாண்டி திங்கட்கிழமை காலைப் பெரட்டில், ஆள் எண்ணும்போதே பேச்சு கிளம்பிவிட்டது. வெள்ளையம்மா மகன் மதம் மாறிவிட்டான், மலாய்க்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான், நாங்களே கண்ணால் பார்த்தோம். திரையில் பார்த்ததை வீட்டில் நடந்ததாக எடுத்துக்கொள்ளும் ஊர் அது. இவர் மாப்பிள்ளைகூட இல்லை, தோழன்தான் என்று எடுத்துச் சொல்ல அங்கே ஒரு நாதியில்லை. மூத்த தங்கைக்குப் பேசி முடித்திருந்த இடத்திலிருந்து அந்த வாரமே தாம்பாளம் திரும்பி வந்தது.

வெள்ளையம்மா இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். மேக்கப் அறையில் மகனைப் பிடித்தாள். சுருக்குப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்துக் கொளுத்தினாள். பக்கத்திலேயே தாடி ஒட்டும் பசை, பஞ்சு, சவுரி எல்லாம் இருந்தன. மேக்கப்காரச் சீனர் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு பொண்ணுங்களும் கரையேறுற வரைக்கும் உன் மொகமும் உன் பேரும் படத்துல வரக்கூடாது. இந்தக் கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு" என்றாள்.

நடிக்காதே என்று அவள் சொல்லவில்லை. சம்பளம் வீட்டுக்கு வேண்டியிருந்தது. ஊரில் யார் கேட்டாலும் ஹார்பரில் கணக்கெழுதும் கிராணி வேலை என்று சொல்லிக்கொள்வதாக ஏற்பாடு. அர்ச்சுனன் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைக் காட்டி எந்தச் சங்கத்திடமும் எதையும் நிரூபிக்க முடியாது.

பெயருக்கு என்ன செய்வது என்று ஸ்டுடியோவில் கேட்டார்கள். அவர் சுற்றிப் பார்த்தார். செட் போட இறக்கிய பலகைகளில் மெராந்தி என்று மரத்தின் பெயர் எழுதியிருந்தது. மரத்துக்கு மதம் கிடையாது என்று அதையே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த முப்பத்தோரு வேடத்திலும் அவருடைய சொந்த மூக்குகூட வெளியே தெரியவில்லை. அரபு வியாபாரி, சீனத் தவுக்கே முதலாளி, சர்தார் காவல்காரர், தொழுநோயாளி, மந்திரவாதி, ஒரு படத்தில் ஆற்றங்கரைப் பேய், இன்னொரு படத்தில் பல் மருத்துவரின் மாமியார். மெழுகால் மூக்கு செய்துகொள்வார். கன்னத்துக்குள் பஞ்சு வைத்துப் பேசுவார். பத்திரிகைகள் பல முக மன்னன் என்று எழுதின. எந்த வேடத்துக்கும் தயங்காதவர், தன் அழகைக் காட்ட ஆசைப்படாத அபூர்வ நடிகர் என்றன. ஆசைப்படாமலா இருந்தார். அவருக்கு நல்ல முகவெட்டு. ஒட்டிய தாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் உண்டு. கலைக்காக மறைத்தார் என்று எழுதியவர்களுக்கு, அந்த மனிதர் தங்கைகளின் கல்யாணத்துக்காக மறைத்தார் என்பது கடைசிவரை தெரியாது.

முப்பது வயதுக்குள் நான்கு படங்களை இயக்கினார். அவற்றில் உருப்படியானது அந்தப் படகோட்டிப் படம். எழுபது வயதுக் குருடனாக இருபத்தெட்டு வயதில் நடித்தார். அப்போது கடைசித் தங்கை அங்கம்மா தையல் படிக்கச் சிங்கப்பூருக்கு வந்து, கெய்லாங்கில் அவருடைய வாடகை அறையில் தங்கியிருந்தாள். பதினெட்டு வயது. தாடிமயிரை அளவாக வெட்டிக் கொடுப்பாள், கண்ணாடியைப் பிடிப்பாள். குருடன் எப்படிப் பார்ப்பான் என்று அவர் அவளை வைத்துத்தான் பழகினார். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, காதைப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். பார்வை காதில் நின்றுவிட்டால் ஆள் அங்கே இருந்தும் இல்லாத மாதிரி ஆகிவிடும். ஒரு வாரம் வீட்டில் அவளிடம் அப்படியே இருந்தார். யாரும்மா நீங்க என்று கேட்பார். முதல் நாள் சிரித்தாள். மூன்றாம் நாள், "போதும்ணே, பயமா இருக்கு, என்னைப் பாருங்க" என்று அழுதுவிட்டாள்.

மூத்தவள் கல்யாணம் 1957-இல் முடிந்தது. நடுத் தங்கைக்கு 1962-இல். அங்கம்மாவை 1967 தையில் தங்காக்கில் ஒரு துணிக்கடைக் குடும்பத்தில் கொடுத்தார்கள். மறுவாரமே அர்ச்சுனன் முதலாளி முன்னால் போய் நின்றார். அடுத்த படத்தில் நான் நானாகவே நடிக்கிறேன், பெயரும் என் பெயர்தான் என்றார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை, சரி என்றார். இரண்டு நாள் படப்பிடிப்பு நடந்தது. மூன்றாம் நாள் வாசலில் பூட்டுத் தொங்கியது. மலாய்ப் படத்துக்குக் கூட்டம் குறைந்துபோய் ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் மூடி வைத்திருந்த முகம் இரண்டு நாள் வெளிச்சத்தில் நின்றது. அந்தப் பிலிம் சுருளைக் கழுவக்கூட இல்லை.

கோத்தா திங்கிக்குத் திரும்பி வந்து, செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை எடை போடும் மேடையில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது வருடம் அங்கேயே இருந்தார். அம்மா சொன்ன பொய் அப்படியே பலித்தது, மனிதர் கிராணியாகிவிட்டார். கல்யாணம் செய்துகொண்டார், சாந்தினி பிறந்தாள். நான்தான் மெராந்தி என்று சொல்லலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பார். தங்காக்குக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொரு வருடமும் விட்டுவிடுவார். 2006 கடைசியில் வந்த வெள்ளத்தில் வீடு கூரைவரை முழுகியது. ஸ்டுடியோ ஒப்பந்தம், வசனத் தாள்கள், போட்டோக்கள், பத்திரிகைத் துண்டுகள் இருந்த தகரப்பெட்டி ஆற்றோடு போயிற்று. மிஞ்சியது ஒன்றே ஒன்று, சாந்தினி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அவருடைய கல்யாணப் போட்டோ.

சங்கத்திலிருந்து வந்தவள் பெயர் ஆரிஃபா. ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். நல்ல பெண். செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்து, அவர் பேசியதையெல்லாம் மூன்று மணி நேரம் பதிவு செய்தாள்.

"எனக்கு நம்பிக்கை இருக்கு ஐயா. கமிட்டியிலதான் ஆதாரம் கேக்குறாங்க" என்றாள். "நீங்க சொல்றது எல்லாம் அந்த ஸ்டுடியோவுல வேலை செஞ்ச யாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு சொல்லிடுவாங்க. அந்தப் படகோட்டிக் கிழவர் மாதிரியும் நீங்க இல்லையே."

"நெசமாவே கெழவனானப்ப வேற மாதிரி ஆயிட்டேன்ம்மா. முன்கூட்டித் தெரியலயே" என்றார் அவர்.

படத்தில் அந்தக் கிழவன் சிரிக்கும் சிரிப்பு பேர்போனது. அதைச் செய்து காட்டுகிறேன் என்று எழுந்து நின்றார். பல்செட் இடம் மாறியது, இருமல் வந்துவிட்டது. சாந்தினி முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஆரிஃபா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். அவமானமாக இருந்தது அவருக்கு. தன்னையே நடித்துக் காட்டத் தெரியாதவன் போல நிற்கிறோமே என்று நினைத்துக்கொண்டார்.

கல்யாணப் போட்டோவை அவள் படமெடுத்துக்கொண்டு போனாள். முகத்தை முகத்தோடு ஒப்பிடும் கம்ப்யூட்டர் இப்போது இருக்கிறதாம். சங்கத்திடம் இருந்த பழைய படங்களையெல்லாம் அதில் ஓட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து அவள் திரும்பி வந்தபோதே முகம் சரியில்லை.

"ஒரு எடத்துல கெடைச்சிருக்கு ஐயா."

1963-இல் வேறொருவர் இயக்கிய படம். கதாநாயகன் உட்கார ஒருவன் நாற்காலி தூக்கிவந்து போடுகிறான். போட்டுவிட்டுத் திரும்பும்போது நான்கு விநாடி முகம் தெரிகிறது. அது சாட்சாத் அர்ச்சுனன். அவருக்கு நினைவு வந்தது. அன்றைக்குக் கூட்டத்து ஆள் ஒருவன் வரவில்லை. உதவிக்கு நின்ற இவர், முதுகுதானே தெரியும் என்று போய்த் தூக்கினார். முகம் விழுந்தது இவ்வளவு காலமும் தெரியாது. கற்பூரம் அடித்துச் செய்த சத்தியம் நான்கு விநாடி தவறியிருக்கிறது. 1955 படத்தின் பிரதியோ உலகத்தில் எங்குமே இல்லை. ஆக, முப்பத்தோரு வேடமும் யாரோ மெராந்தியுடையவை, அந்த நாற்காலி மட்டும் அர்ச்சுனனுடையது.

"கமிட்டியில உங்கள துணை நடிகரா கௌரவிக்கலாம்னு சொல்றாங்க. மெராந்தின்னு போடணும்னா அந்தக் காலத்துல உங்கள வேஷத்தோட பாத்த ஒருத்தர் சத்தியப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாப் போதும். யாராவது இருக்காங்களா ஐயா?"

"இருக்கா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் சாந்தினி அதற்கு முன் பார்த்ததில்லை. "என் தங்கச்சி இருக்கா."

அடுத்த சனிக்கிழமை சாந்தினி காரை எடுத்தாள். அவர் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி, அது சரியில்லை என்று தானே இன்னொரு முறை போட்டுக்கொண்டார். வழி நெடுக அங்கம்மா தாடிமயிர் வெட்டிய கதையையே பேசிக்கொண்டு வந்தார். தங்காக்கில் துணிக்கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, புருஷன் போய் ஆறு வருடமாகிறது. மகன் ராஜசேகரன் கடையை விட்டு எழுந்து வந்து, "வாங்க மாமா, உக்காருங்க. மெலிஞ்சிட்டீங்களே" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தான். சாந்தினி விஷயத்தைச் சொல்லிப் பத்திரத்தை அத்தையிடம் கொடுத்தாள்.

அங்கம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தாள். மடித்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலையே" என்றாள். "அண்ணன் ஹார்பர்ல கிராணியால்ல இருந்தாரு."

ராஜசேகரன் சிரித்தான். நல்ல சிரிப்புத்தான், கெட்ட எண்ணம் இல்லை. "மாமா டைரக்டரா இருந்தாரா? அப்படின்னா கடை வாசல்ல பெரிய போட்டோவே மாட்டியிருப்போமே மாமா. வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருப்போமே."

அர்ச்சுனன் அவனைப் பார்த்தார். இந்தக் குடும்பத்துக்குப் பயந்தா இத்தனை வருடம் என்று நினைத்தார். வாசலில் போட்டோ மாட்டத் தயாராக ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவனிடமிருந்து மறைத்த போட்டோவெல்லாம் ஆற்றில் போய்விட்டது.

அங்கம்மா தேத்தண்ணீர் போட உள்ளே போனாள். அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனார். அடுப்புப் பக்கம் நின்று மெதுவாகக் கேட்டார். "உனக்கு ஞாபகம் இல்லையா அங்கம்மா?"

அவள் திரும்பவில்லை. "எல்லாம் ஞாபகம் இருக்குண்ணே."

"பின்ன ஏன்?"

"ராஜா பொறந்த வருஷம் எங்க வீட்டுக்காரங்க காதுல யாரோ போட்டுட்டாங்க, உங்கண்ணன் கூத்தாடின்னு. அவங்க அம்மா என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. நான் தொட்டில்ல கெடந்த புள்ளையத் தூக்கி, அது தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன். எங்கண்ணன் படத்துல நடிச்சதே இல்லன்னு." இப்போது அவள் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "அவன் இப்ப ரெண்டு தடவ நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்திருக்கான். நான் எப்படிண்ணே கையெழுத்துப் போடுவேன்."

"பொய் சத்தியம் நீ அப்பவே பண்ணிட்டே. எழுதுனாத்தான் பலிக்குமா?"

"வெளிய வராத வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. எனக்கு அப்படித்தான் தோணுது."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சத்தியத்துக்குப் பயப்படுகிறவளிடம் என்ன சொல்வது. அவருக்கும் அந்த நோய்தானே, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஆனாலும் அவள் கை தேத்தண்ணீரை ஆற்றிய நிதானத்தைப் பார்த்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. உனக்காகத்தானே என்று ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் பிறகு அண்ணன் என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. விழுங்கிவிட்டார். தேத்தண்ணீரைக் குடித்து முடித்துச் சாந்தினியைக் கிளம்பச் சொன்னார்.

பாராட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. போக வேண்டாம் என்றாள் சாந்தினி. என் படத்தை நான் பார்க்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு அவர் கிளம்பினார். மண்டப வாசலில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். நடுப்பக்கத்தில் மெராந்தி, குருட்டுக் கிழவனாக, பக்கம் முழுக்க. கீழே 1971, மேடான். கடைசிப் பக்கத்தில் துணை நடிகர்கள் என்ற பட்டியலில் ஒன்பதாவதாக முத்தையா மகன் அர்ச்சுனன். எழுத்துப் பிழை இல்லை. கேட்டது கேட்டபடியே கிடைத்துவிட்டது, பக்கம்தான் வேறு.

முன் வரிசையில் அவரை உட்கார வைத்தார்கள். மூன்றாம் வரிசையில் ராஜசேகரன் உட்கார்ந்து கையாட்டினான். மாமாவுக்கு விழா என்று தங்காக்கிலிருந்து அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அங்கம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மடியில் ஒரு துணிக்கடைப் பை.

படகோட்டிப் படத்திலிருந்து பத்து நிமிடம் போட்டார்கள். கிழவன் சிரித்தபோது மண்டபமே சிரித்தது, கடைசியில் துடுப்பைத் தடவித் தேடியபோது நிறையப் பேர் மூக்கைத் துடைத்தார்கள். அர்ச்சுனன் இருட்டில் உட்கார்ந்து, அந்தக் காட்சியில் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் இருந்திருக்கலாம் என்று நினைத்தார். பிறகு அவரை மேடைக்கு அழைத்தார்கள். அந்த நான்கு விநாடியைத் திரையில் மூன்று முறை ஓட்டினார்கள். நாற்காலி வருகிறது, விழுகிறது, ஆள் திரும்புகிறான். ஒவ்வொரு முறையும் கைதட்டல். திரையில் அந்த இளைஞன் பார்க்க நன்றாக இருந்தான். சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள்.

விழாவை நடத்தியவர் ஒலிவாங்கியை அவரிடம் நீட்டி மலாயில் கேட்டார். நீங்கள் அதே ஸ்டுடியோவில் வேலை செய்தவராயிற்றே, மெராந்தியைப் பார்த்திருக்கிறீர்களா, அவர் எப்படிப்பட்டவர்?

ஓரத்தில் நின்ற ஆரிஃபா விரல்களைக் கோத்துக்கொண்டாள். சொல்லிவிடுங்கள் என்று அவள் கண் சொன்னது. ஒலிவாங்கி கையில் இருக்கிறது, எதிரே நானூறு பேர் இருக்கிறார்கள், ஒரு வாக்கியம் போதும். அர்ச்சுனன் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். ராஜசேகரன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து மாமாவைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அங்கம்மா தலையைக் குனிந்து, மகனுடைய முழங்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"நன்றாகத் தெரியும்" என்று மலாயில் சொன்னார். "கோழை. தன் முகத்தைக் காட்டப் பயந்த ஆள். செத்துவிட்டார் என்று போட்டிருக்கிறீர்கள். சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்."

கொஞ்சம் தயங்கிவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். கிழவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆரிஃபா தட்டவில்லை.

கீழே தேநீரும் பலகாரமும் வைத்திருந்தார்கள். சாந்தினி காரை எடுத்துவரப் போனாள். அர்ச்சுனன் தூண் ஓரமாக ஒரு நாற்காலியில் சான்றிதழை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ராஜசேகரன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தான். அங்கம்மா அழுது முடித்திருந்தாள், மூக்கு சிவந்திருந்தது. துணிக்கடைப் பையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அண்ணே. வேட்டி. கடையில நல்லதா பாத்து எடுத்தேன்."

அவர் தலையை நிமிர்த்தினார். அவள் முகத்தருகே வந்த பார்வை முகத்தில் நிற்காமல் நழுவி, இடதுகாதுத் தோட்டில் போய் நின்றது. அங்கேயே நின்றது. உதடு கொஞ்சம் பிரிந்து, எண்பத்தெட்டு வயதுக்கு இயல்பான ஒரு புன்னகை வந்தது.

"யாரும்மா நீங்க?" என்றார்.

"அண்ணே, நான் அங்கம்மா."

"தெரியலையேம்மா. எந்த ஊரு?"

இருமல் வரவில்லை. பல்செட் அசையவில்லை. குரலில் ஒரு பிசிறு இல்லை. ராஜசேகரன் அவர் தோளைத் தொட்டு, "மாமா, இது அம்மா மாமா, தங்காக் அம்மா" என்றான். அவர் அவனைப் பார்த்து அன்பாகத் தலையாட்டிவிட்டு, மறுபடியும் அந்தக் காதையே பார்த்தார்.

"மறதி வந்துருச்சு போலம்மா" என்று ராஜசேகரன் தாழ்ந்த குரலில் சொன்னான். "பாவம், வயசாயிருச்சுல்ல. அன்னைக்கு வீட்டுல டைரக்டர்னு சொன்னப்பவே நான் நெனைச்சேன்."

அங்கம்மாவின் முகம் மாறியது. கெய்லாங் அறையில் கண்ணாடி பிடித்தவளுக்கு அந்தப் பார்வை தெரியாமல் போகுமா. இது மறதி இல்லை, என் அண்ணன் நடிக்கிறார் என்று மகனிடம் சொல்ல அந்த மண்டபத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும். வாயைத் திறந்தாள். மகனைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"போலாம்மா" என்றான் ராஜசேகரன்.

அவர்கள் வாசலைத் தாண்டும்வரை அர்ச்சுனன் அந்தப் பார்வையைக் கலைக்கவில்லை.